புகை ராப்பாயியின் மொட்டை செல்

எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அது அவரோடு போகாது. சொத்து மாதிரி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கும். சொத்தையாவது விற்றுத் தொலைக்கலாம். அந்தோனியின் தாத்தா ஒரே ஒரு முறை, அதுவும் கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் வழியில், தூண்டிலில் மாட்டிய தவளையை மீன் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கச் சொன்னார். அவ்வளவுதான். பேரன் இப்போது ஜெர்மனியில் இருதய டாக்டர். ஊருக்கு வந்தால் ‘தவளை டாக்டர் வந்திருக்கார்’ என்றுதான் பேச்சு. அவருடைய ஜெர்மன்காரப் பெண்டாட்டிக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நான் திருச்சூர்ப் பக்கத்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தையல்காரி. ஊர்க்காரர்களின் இடுப்பளவும் தெரியும், வாயளவும் தெரியும். இடுப்பு கூடும், குறையும். வாய் கூடத்தான் செய்யும். அதனால்தான் என் அடுத்த வீட்டு ராப்பாயியைப் பற்றி ஊர் பேசுவதை அப்படியே நம்பாமல் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ராப்பாயி பேக்கரி வண்டி ஓட்டுகிறவர். காலையில் பெட்டி ஆட்டோவில் ரொட்டியும் பன்னும் ஏற்றிக் கடைகடையாகப் போட்டுவிட்டு மத்தியானம் வீடு திரும்புவார். சோறு தின்ற கை காய்வதற்குள் விளக்கு செய்ய உட்கார்ந்துவிடுவார். டவுனில் அவருடைய சித்தி மகன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவன் தூக்கிப் போடும் லேப்டாப் பேட்டரிகளை இவர் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவார். உடைத்தால் உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஆறு செல் இருக்கும். ஒன்றிரண்டு செத்திருக்கும், மற்றவை நன்றாகவே உயிரோடு இருக்கும். அதில் எல்.இ.டி. பல்பைக் கோத்து விளக்கு. கரண்டு போனால் விளக்கு, கோழிக்கூட்டுக்கு விளக்கு, குடைக்குள் விளக்கு. எண்ணெய் மில் பொறிஞ்சுவின் பசு இருட்டில் ரோட்டைக் கடக்கிறதே, லாரிக்காரன் கண்ணில் படட்டும் என்று அதன் கொம்புக்குக்கூட ஒரு விளக்கு செய்தார். பசு அன்றைக்கு முழுவதும் தன் கொம்பையே அண்ணாந்து அண்ணாந்து பார்த்துச் சுற்றிச் சுற்றி வந்தது. பால் தரவில்லை. பொறிஞ்சு அதை இன்றுவரை மறக்கவில்லை.

இந்த செல்களை ராப்பாயி ‘மொட்டை செல்’ என்பார். கடையில் விலைக்கு வாங்குகிற சிலவற்றின் தலையில் ஒரு பொட்டு அகலத்தில் காவல் தகடு ஒன்று இருக்குமாம். அளவுக்கு மீறி உறிஞ்சினாலோ, அளவுக்கு மீறி ஏற்றினாலோ, இரண்டு முனையும் முட்டிக்கொண்டாலோ அது கதவைச் சாத்திவிடும். மொட்டைக்கு அந்தக் காவல் இல்லை.

“மொட்டை செல்லுக்குப் போதும்ங்கிற வார்த்தை தெரியாது சேச்சி. கேட்டா கேட்டதெல்லாம் குடுக்கும். குடுத்துக் குடுத்துத் தானே எரிஞ்சு போயிடும். நாமதான் பக்கத்துல நின்னு போதும்னு சொல்லணும்.”

“எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாண விருந்துல நான் சொல்ற மாதிரி,” என்றேன்.

“அதேதான். ஆனா அவரு எரிய மாட்டாரு.”

“மறுநாள் வயித்தைக் கேட்டுப் பாருங்க.”

இந்த ஞானம் அவருக்குப் பிறக்கும்போதே வரவில்லை. சர்ச்சில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை. பாதிரியார் அச்சனின் பிரசங்கம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போனது. ராப்பாயியின் சட்டைப் பையில், யாருக்கோ காட்டுவதற்காக, ஒரு மொட்டை செல். அதே பையில் வண்டிச் சாவி. முழங்காலில் நின்று எழுந்த குலுக்கலில் சாவி செல்லின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் பாலம் போட்டுவிட்டது. நெஞ்சு சுட்டது. அவர் முதலில் அதைப் பரிசுத்த ஆவி என்று நினைத்தாராம். இதை அவரே என்னிடம் சொன்னார், நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. பிறகு பையிலிருந்து புகை கிளம்பியது. பின் வரிசைக் கிழவர்கள் தூபம் என்று எண்ணிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ராப்பாயி சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி நடுப்பாதையில் வெறும் மார்போடு ஓடி, அதை வெளி மணலில் வீசினார். திரும்பி வந்தபோது அச்சன் ஒலிபெருக்கியிலேயே, “தூபம் முன்னாடியிருந்து வந்தாப் போதும் ராப்பாயி,” என்றார். நற்கருணைக்கு வரிசை நிற்பதற்குள் பெயர் வைத்தாகிவிட்டது. புகை ராப்பாயி.

அன்றிலிருந்து அவர் மாதிரி பயந்த மனிதரை இந்தப் பஞ்சாயத்தில் பார்க்க முடியாது. செல் எதையும் பையில் போடமாட்டார். இரண்டு முனையிலும் மஞ்சள் டேப் ஒட்டித்தான் கையிலெடுப்பார். ஒரு விளக்குக்கு ஒரே செல், வயரில் ஒரு ஃப்யூஸ். அளவு வந்ததும் தானே நிறுத்தும் சார்ஜர்தான், அதையும் வீட்டுக்கு வெளியே துவைகல் மேல் ஓடு போட்டு வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காப்பார். மேல் தோல் கிழிந்த செல், விழுந்து நசுங்கிய செல், சார்ஜ் ஏறும்போது சுடுகிற செல் எல்லாம் தனி வாளிக்குப் போய்விடும். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட இத்தனை தடவை தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு அவர் கையிலிருந்து ஓர் இழைகூடப் புகை வந்ததில்லை. ஆனால் ஊருக்கு அதெல்லாம் எதற்கு? பெயர் வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு ஒரே மகள், பின்ஸி. தாயில்லாப் பெண். பள்ளிக்கூடத்தில் ‘புகையோட மோள்’, பஸ்ஸில் ‘புகையோட மோள்’, ரேஷன் கடையில்கூட ‘புகை வீட்டுக்கு அரிசி போடு’. பக்கத்துச் சர்ச் பங்கிலிருந்து ஜின்டோ என்று ஒரு பையன் வந்து பெண் கேட்டான். டயர் கடையில் வேலை, நல்ல உயரம், நல்ல குணம், மூளை மட்டும் சில நேரம் பின்னால் நடந்து வரும். கிறிஸ்துமஸ் கழிந்ததும் சர்ச்சில் மனசம்மதம் கேட்பதாக, அதாவது நிச்சயம் செய்வதாக, முடிவாயிற்று. அன்றைக்கு என் மெஷினுக்கு எதிரே ஜாக்கெட் அளவு கொடுக்க நின்றவள், கூட வந்திருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“அப்பச்சா, எனக்கு நகை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் பேரோட நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன். மனசம்மதம் வரைக்கும் எதுவும் புகையக் கூடாது. புகையாம இருந்தா ஊரு மறந்துடும்.”

“ஊரா? மறக்குமா?” என்றேன் நான், டேப்பை இழுத்துக்கொண்டே.

“சேச்சி நீங்க சும்மா இருங்க.”

ராப்பாயி மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயர் தன்மேல் விழுந்ததற்கு அவர் ஒருநாளும் வருந்தியதில்லை, அவள்மேல் வழிந்ததற்குத்தான் தினமும் வருந்தினார். எனக்கு அது தெரியும்.

அந்தச் சமயம் பார்த்துப் பொறிஞ்சு வந்து சேர்ந்தார். எங்கள் சர்ச் யூனிட்டின் கேரல் குழுவுக்கு அவர்தான் கேப்டன். வீடு வீடாகப் பாடிப் போகும்போது முன்னால் தூக்கிப் போகும் பெரிய நட்சத்திரத்துக்கு ஒவ்வொரு வருஷமும் கார் பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவோம். போன வருஷம் தள்ளுவண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது.

“ராப்பாயி, இந்த வருஷம் கையில தூக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு. ஆனா புகையக் கூடாது.”

“புகையாது.”

“சிவப்பு லைட் போடு.”

“போட மாட்டேன். வெள்ளை லைட் போட்டுச் சிவப்புக் காகிதம் ஒட்டுறேன்.”

“ஏன், சிவப்பு லைட்டுக்கு என்ன கேடு?”

ராப்பாயி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாராவது ஏன் என்று கேட்டுவிட்டால் அவருக்குப் பண்டிகைதான். “வெள்ளை எல்.இ.டி.க்கு மூணு வோல்ட் பக்கத்துல வேணும். செல்லு அங்க இறங்கினதும் அதுவே மங்கி மங்கி, கிட்டத்தட்டக் குடிக்கிறதை நிறுத்திடும். செல்லு பொழைச்சுக்கும். சிவப்புக்கு ரெண்டே போதும். அது விடாம உறிஞ்சும். அப்படி வத்திப்போன செல்லை மறுபடி சார்ஜ் போட்டா, அங்கதான் வம்பு ஆரம்பிக்கும். வெள்ளைங்கிறது வயிறு நெறைஞ்சதும் எழுந்து கை கழுவுற விருந்தாளி.”

“சிவப்பு?”

“உன் மச்சான்.”

பொறிஞ்சுவுக்கு அது பிடித்துவிட்டது. மச்சானோடு அவருக்கு வேலித் தகராறு.

மூங்கில் பிளாச்சில் கட்டி, சிவப்புக் காகிதம் ஒட்டி, ஆளுயரத்தில் நட்சத்திரம் தயாரானது. எரிந்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது, அத்தனை அழகு. வழியில் மாற்றுவதற்கு இன்னொரு செல்லும் நிறையச் சார்ஜ் ஏற்றி, இரு முனையிலும் டேப் ஒட்டி வைத்தார். கூடவே ஒரு வாளி நிறைய மணல். மணல் வாளி கூட வந்தால்தான் நட்சத்திரம் வெளியே வரும் என்றார்.

“நாம இயேசு பொறந்த சேதி சொல்லப் போறோமா, செவுரு பூசப் போறோமா?” என்று பொறிஞ்சு கத்தினார். ராப்பாயி அசையவில்லை. நட்சத்திரக் கம்பு அவர் கையில் இருந்ததால் மணல் வாளி பின்ஸியின் கைக்கு வந்தது. பட்டுப்பாவாடையும் மணல் வாளியுமாக அவள் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவை இங்கே பாப்பா என்பார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் பாப்பாவாக ஜின்டோ தானே முன்வந்தான். முகமூடி போட்டுக்கொண்டால் பின்ஸி பக்கத்தில் எவ்வளவு நேரம் ஆடினாலும் யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? மூளை அந்த விஷயத்தில் மட்டும் முன்னால் நடந்தது. சிவப்பு அங்கி நான் தைத்தது. வயிற்றுக்கு என் வீட்டுத் தலையணை. வசூல் டின்னும் பாப்பா கையில்தான். பால்பவுடர் டின், மூடியில் பூட்டு, சாவி பொறிஞ்சுவின் இடுப்பில். சுருட்டிய நோட்டும் கூச்சப்படாமல் உள்ளே போகட்டும் என்று பொறிஞ்சு வாய் கொஞ்சம் தாராளமாகவே வெட்டியிருந்தார். ஜின்டோ அதைக் குலுக்கிக் குலுக்கி ஆட வேண்டும். புறப்படும்போது ராப்பாயி மாற்று செல்லை அவனிடம் கொடுத்தார்.

“கம்பு என் ரெண்டு கையையும் கேக்குது. இதை நீ வச்சுக்கோ. பத்திரம். உன் கல்யாணமே இதுலதான் இருக்கு.”

“கண்ணு மாதிரி வச்சுக்கிறேன் அப்பச்சா,” என்றான் ஜின்டோ.

வைத்துக்கொண்டான். ஆனால் எந்தக் கிறிஸ்துமஸ் பாப்பாவின் அங்கிக்குப் பை இருக்கிறது? உள்ளங்கையிலேயே பிடித்துக்கொண்டு ஆடினான். அந்தி மயங்கும்போது ஆரம்பித்த கேரல், ராச்சாப்பாட்டு நேரம் தாண்டி, குழுவில் ஒருவரான தோமாவின் வீட்டுக்கு வந்தபோது முகமூடியின் தாடி ஒரு பக்கம் தொங்கிவிட்டது. சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். தாடி விழுந்தால் பாப்பாவின் மானம் போய்விடும். ஒட்ட ஏதாவது வேண்டும். கையில் என்ன இருக்கிறது? நல்ல பசையுள்ள மஞ்சள் டேப், இரண்டு துண்டு. உரித்தான், கன்னத்துக்கு ஒன்றாக ஒட்டினான். டேப் போன செல்லைக் கையில் வைத்திருந்தால் விழுந்துவிடுமே, பத்திரம் என்று வேறு சொல்லியிருக்கிறாரே என்று யோசித்தான். ஊரிலேயே பூட்டுப் போட்ட பத்திரமான இடம் எது? வசூல் டின்தான். வாய் வழியே செல்லை உள்ளே போட்டான், சில்லறைகளுக்கு நடுவில். பிறகு ஆடி ஆடிக் குலுக்கினான். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடைசி வீடு என் வீடு. கேக்கும் பாலில்லாத கட்டன் காப்பியும் வைத்துக் காத்திருந்தேன். புது சோபா வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேலே கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக்கைக்கூட நான் எடுக்கவில்லை. வந்தவர்கள் அதில் சறுக்கிச் சறுக்கி உட்கார்ந்தார்கள். நட்சத்திரம் முற்றத்து மாமரத்தில் சாய்ந்தபடி, காலையில் பூத்த பூ மாதிரி எரிந்துகொண்டிருந்தது. மாற்று செல் தேவைப்படவே இல்லை. ராப்பாயி அதைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார், மகள் அன்றைக்கு முதல் முறையாக அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நான் கேக்கை வெட்டினேன்.

ஜின்டோ சோபாவில் சாய்ந்து, டின்னைத் தலையணை வயிற்றின் மேல் வைத்து இன்னொரு தரம் குலுக்கினான். குலுக்கிவிட்டு, “சேச்சி, வயித்துல சூடா இருக்கு,” என்றான்.

“கேக்குல ரம்மு இருக்கு,” என்றேன்.

“நான் இன்னும் திங்கலை.”

டின்னின் வாயிலிருந்து புகை வந்தது. அவன் அலறித் துள்ளினான், டின் சோபாவில் உருண்டது, கீழிருந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி சுருங்கியது. ராப்பாயிக்கு அம்பது வயதுக்கு மேல் இருக்கும். அன்று அவர் பாய்ந்த பாய்ச்சலைப் பூனைகூடப் பாயாது. கேக் தட்டின் அடியிலிருந்த துணியை உருவி, டின்னைச் சுற்றித் தூக்கி, முற்றத்தின் நடுவில் எறிந்தார். “யாரும் கிட்டப் போகாதீங்க. புகையை மூக்குல வாங்காதீங்க. பின்ஸி, மணலு.” பின்ஸி வாளியோடு ஓடிப்போய், மூக்கைப் பொத்திக்கொண்டு முழு மணலையும் கவிழ்த்தாள். மணலுக்குள் கொஞ்ச நேரம் குக்கர் மாதிரி சீறியது. பிறகு அடங்கியது.

பொறிஞ்சுதான் முதலில் வாய் திறந்தார். “புகை. மறுபடியும் புகை.” யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றிக்கொண்டு போனது. பின்ஸி காலி வாளியோடு அப்படியே நின்றாள்.

நன்றாக ஆறட்டும் என்று ராப்பாயி நெடுநேரம் யாரையும் தொடவிடவில்லை. பிறகு பொறிஞ்சு பூட்டைத் திறந்து கொட்டினார். கரி பிடித்த சில்லறை, நடுவில் வெடித்த செல். அதன் இரண்டு முனையிலும் டேப் இல்லை.

“இது யாரு செல்லு?”

ராப்பாயி செல்லைப் பார்த்தார். பிறகு பாப்பாவின் முகத்தைப் பார்த்தார். கன்னத்துக்கு ஒன்றாக மஞ்சள் டேப் பளபளத்தது. அவர் பார்த்த அதே நேரத்தில் நானும் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாடியைப் பிடித்து இழுத்திருப்பேன், ராப்பாயி முந்திக்கொண்டார்.

“என்னோடதுதான். நான்தான் போட்டேன். கை தவறிடுச்சு.”

அவர் அதைச் சொன்னபோது மகளின் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளைப் பையனைக் கல்யாணத்துக்கு முன்பே ஊர் சிரிப்புக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பின்ஸி வாளியைக் கீழே போட்டாள்.

“ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன் அப்பச்சா,” என்றாள். கிணற்றடிக்குப் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். சோபாவை நான் அதற்குப் பிறகுதான் நினைத்தேன்.

அப்போது முகமூடிக்குள்ளிருந்து ‘ம்ம்ம்பூ’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னடா?” என்றார் பொறிஞ்சு.

மறுபடி ‘ம்ம்ம்பூ’. பையன் என்னவோ சொல்கிறான், தாடி வாயை அடைக்கிறது. கடைசியில் இரண்டு கையாலும் முகமூடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். ராப்பாயி வாங்கும் டேப் லேசில் விடாது. ஜின்டோவின் சொந்த மீசையில் பாதி அதோடு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வர, பாதி மீசையோடு சொன்னான்.

“நான்தான் போட்டேன். டேப்பைப் பிச்சுத் தாடி ஒட்டினேன். செல்லைப் பூட்டி வச்சா பத்திரம்னு டின்னுல போட்டேன். அப்பச்சா போடலை.”

“சில்லறைக்குள்ளயா?” என்றார் பொறிஞ்சு.

“குலுக்கவும் செஞ்சேன்.”

எங்கள் ஊர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தோமாவுக்குக் காப்பி மூக்கில் ஏறியது. பொறிஞ்சு முற்றத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் அதற்குள் ‘புகைப் பாப்பா, புகைப் பாப்பா’ என்று தாளம் போட ஆரம்பித்தாயிற்று. நான் மட்டும் சிரிக்காமல் கிணற்றடியைப் பார்த்தேன். அவள் எதிலிருந்து தப்பி ஓடப் பார்த்தாளோ அது புருஷன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டதே. ராப்பாயியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்ஸி வந்தாள். ஜின்டோவுக்கு நேராக நின்று அவன் பாதி மீசையைப் பார்த்தாள்.

“சொல்லாம இருந்திருக்கலாம்ல? அப்பச்சாதான் தலையில போட்டுக்கிட்டாரே.”

“அதெப்படி,” என்றான் அவன்.

“இனிமே பேரு உனக்குத்தான். தெரியுமா?”

“உனக்கும் சேத்துத்தான் வரும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். கொஞ்சம் அழுவேன்.”

பின்ஸி யோசித்தாள். கூட்டமே காப்பி டம்ளரோடு காத்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் பொறிஞ்சு பக்கம் திரும்பி, “கூப்பிட்டுக்கோங்க. எங்க ரெண்டு பேரையுமே கூப்பிட்டுக்கோங்க,” என்றாள். அப்பாவிடம் போய் அவர் தோளில் முகத்தை வைத்தாள். “எதுக்கு அப்பச்சா அப்படிப் பொய் சொன்னீங்க?” என்று கேட்டாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

மனசம்மதம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை மீசையை முழுவதுமாக எடுத்துவிட்டு வந்து நின்றான். சோபாவின் பிளாஸ்டிக்கை நான் எடுத்துவிட்டேன், அதற்கு இப்படி ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கிறது.

பொங்கல் சமயத்தில் என் கடைக்குப் பார்சல்காரன் ஒருவன் வந்து ராப்பாயியின் வீட்டைக் கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் பட்டன் தைக்க வந்திருந்த தோமா, “யாரு, நம்ம புகையோட மாமனாரா? அடுத்த வீடுதான்,” என்று கை காட்டிவிட்டார். சாயந்திரம் வேலி வழியே ராப்பாயியிடம் இதைச் சொன்னேன். துவைகல் பக்கத்தில் நாற்காலி போட்டு, சார்ஜ் ஏறும் செல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்கட்டும் சேச்சி,” என்றார். “புகை கொஞ்சமாவது தள்ளிப் போயிருக்குல்ல.”